நடுங்கும் கையில் ஒரு போர் விமானம்

கை நடுங்க ஆரம்பித்ததும் என்னைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொரு பொருளாக என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். முதலில் அடுப்பிலிருந்து இறக்கும் ரசச் சட்டி. அப்புறம் காய் நறுக்கும் கத்தி. காப்பி டம்ளரைக்கூட முக்கால்வாசிதான் நிரப்பித் தந்தார்கள். "குடு, நான் பாத்துக்கறேன்" என்பதுதான் அப்போது வீட்டில் அதிகம் புழங்கிய பேச்சு. எல்லாம் அன்பினால். அன்பினால் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் இருந்தது.

நான் கல்யாண கவுன் தைப்பவளாக இருந்தேன். மாதா கோயிலில் கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து பெண்ணை அழைத்துக்கொண்டு மூலக்குளத்தில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வருவார்கள். வெட்டுவது, தைப்பது, கழுத்தைச் சுற்றி மணி கோத்துத் தைப்பது எல்லாம் நானே. மணி வேலைக்கென்றே என்னைத் தேடி வருவார்கள். கடைசியாகத் தைத்த கவுனில் அந்த மணி வரிசை பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. பெண்ணின் அம்மா அதைப் பார்த்தார். "மீதிய நாங்க வேற எடத்துல முடிச்சிக்கறோம், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று கவுனை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அப்படி மென்மையாகப் பேசியதால் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். "உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லம்மா. ஆனா இது போகாது. கூடலாம், கொறையலாம். நுணுக்கமான வேலையெல்லாம் இனிமே வேணாம்" என்றார். கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்காது. எதையாவது செய்யப் போனால்தான் நடுங்கும். சும்மா இருந்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் இந்த நோயின் குணம். அதனாலேயே எல்லாரும் என்னைச் சும்மா இருக்கச் சொன்னார்கள்.

என் கணவரின் அக்கா அரியாங்குப்பத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவார். தையல் மிஷின் மூடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆண்டவரு ஒனக்கு ஓய்வு குடுத்துருக்காரு. ஜெபமாலைய எடு. அதுக்குக் கை நடுங்கினா இன்னா, யாரும் பாக்கப் போறதில்ல" என்றார்.

ஜெபமாலை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் சொல்கிறவள்தான். ஆனால் அதை ஒரு மூலையாக்கி, அங்கே போய் உட்கார் என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. "சரி அண்ணி" என்றேன். ஆனால் உள்ளே ஏதோ எழுந்து நின்றுவிட்டது.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் சாமான்களை எடுக்க பீரோவின் மேல் துழாவினேன். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு டப்பா இருந்தது. பிரான்சில் வேலை பார்க்கும் என் மகன், கூடப் படித்த யாருக்கோ கொடுக்கவென்று ஒரு லீவில் வாங்கிவந்து, மறந்து விட்டுப்போனது. மேலே படம். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஹரிக்கேன் என்ற போர் விமானம், பச்சையும் பழுப்பும் அடித்த முதுகோடு மேகத்துக்குள் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் காய் காய்த்த மாதிரி சின்னச் சின்ன உறுப்புகள். சக்கரம், இறக்கை, விமானியின் நாற்காலி, மிளகளவுகூட இல்லாத ஏதேதோ.

மகன் போன் பண்ணியபோது சொன்னேன். சிரித்தான். "அய்யோ அதுவா! அத அப்பாகிட்ட குடும்மா. ரொம்பப் பொடிப் பொடியா இருக்கும், ஒன்னால முடியாது" என்றான்.

அவன் அப்பாவால் முடியும், அதில் சந்தேகமில்லை. என் கணவர் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தலைமுடி அளவு கம்பியை ஊசி முனை அளவு புள்ளியில் பற்றவைப்பவர். அவர் கை கல் மாதிரி நிற்கும்.

அந்த டப்பாவை நான் அவரிடம் கொடுக்கவில்லை. மறுநாள் காலை அவர் கடைக்குப் போனதும் தையல் மேசையில் பிரித்து வைத்து உட்கார்ந்தேன்.

செய்முறைத் தாளில் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. கான்வென்ட்டில் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவள் நான். விமானத்தின் பின்பாதிக்கு ஒரு அம்புக்குறி போட்டு 'துவால்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். துவால் என்றால் துணி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மகனைக் கேட்டேன். அவன் தேடிப் பார்த்து, ஆமாம், அந்த விமானத்தின் பின்னுடம்பு முழுக்க மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணிதான், அதன் மேல் ஒரு பசை பூசி விறைப்பாக்குவார்கள் என்றான். துணி போர்த்திய ஒன்றில் ஏறிக்கொண்டு சண்டைக்குப் போயிருக்கிறார்கள்! அந்தப் பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்தேன். துணிக்கு அடியில் விலா எலும்பு தெரிகிற மாதிரி வரிவரியாகத் தட்டுப்பட்டது. இது எனக்கு வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

முதல் வாரம் கேவலமாகப் போனது. நகவெட்டியால் ஒரு உறுப்பை வெட்டினால் அது துள்ளி எங்காவது ஓடிவிடும். தரையில் தவழ்ந்து தேடுவேன். பசை விமானத்தில் ஒட்டியதைவிட என் விரல்களில் ஒட்டியதுதான் அதிகம். விமானியின் நாற்காலியைச் சாமணத்தில் பிடித்து உள்ளே வைக்கப் போனால், விமானத்தின் உடம்பருகே போனதும் கை ஆட ஆரம்பிக்கும். உள்ளே போக வேண்டிய நாற்காலி விளிம்பில் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் சாமணத்தை எடுத்துச் சுவரில் அடித்தேன். பிறகு போய் எடுத்துவந்து, வளைந்துபோன முனையை நிமிர்த்தினேன்.

மெல்ல மெல்ல என் கையின் போக்கு எனக்குப் பிடிபட்டது. சின்னப் பையில் அரிசி போட்டுத் தைத்து, இரண்டு மணிக்கட்டையும் அதில் அழுத்தி வைத்தால் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. இரண்டு சுண்டு விரலையும் ஒன்றோடொன்று முட்டுக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம். மூச்சை வெளியே விட்டு முடிக்கும் இடத்தில் ஒரு சின்ன அமைதி வரும். கண் சிமிட்டும் நேரம்தான். அதற்குள் வைத்துவிட வேண்டும். காப்பியை நிறுத்தினேன். யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் நடுக்கம் கூடும் என்பதால் கதவைச் சாத்தினேன்.

"கதவ ஏன் சாத்திக்கற?" என்று கணவர் கேட்டார்.

"நீங்க பாத்தா எனக்கு ஆடுது."

"நான் சும்மாதான நிக்கறேன்."

"நிக்காதீங்க."

நாற்காலி உட்கார்ந்தது. இரண்டு பாதியாக இருந்த உடம்பு ஒன்றாகச் சேர்ந்தது. இறக்கை பொருந்தியது. பொருத்துவாயில் இருந்த இடைவெளியை மாவு போன்ற பூச்சால் அடைத்து, நகம் தேய்க்கும் பட்டையால் தேய்த்தேன். தேய்ப்பதற்கு நடுங்கும் கையைப் போல் ஒன்று கிடையாது.

வண்ணம் அடிக்கும்போதும் அப்படித்தான். அடிப்பக்கம் வெளிர்ப் பச்சை. முதுகில் பழுப்பு, அதன்மேல் பச்சைத் திட்டுகள். அந்தத் திட்டுகளின் ஓரம் எப்படியும் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். என் கை போன போக்கில் விட்டேன். படத்தில் இருந்ததைவிட நன்றாக வந்தது. பின்பக்கத் துணிக்கு மட்டும் வண்ணத்தில் நிறையத் தண்ணீர் கலந்து, ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சுகள் கொடுத்தேன். கெட்டியாக அடித்தால் அந்த வரிகள் மூடிப்போகும். துணியின் மேல் என்ன ஏற்றலாம், எவ்வளவு ஏற்றலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிச்சமிருந்தது கண்ணாடிக் கூடு.

விமானி தலைக்கு மேல் மூடுகிற கூண்டு அது. ஹரிக்கேனில் அது ஒரே கண்ணாடி இல்லை. ஜன்னல் ஜன்னலாகச் சட்டம் போட்டது. மாதிரியில் அது என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துண்டு. அதன் ஒவ்வொரு சட்டத்திலும் பச்சைக் கோடு இழுக்க வேண்டும், நடுவிலுள்ள கண்ணாடியில் படாமல். டேப் ஒட்டிப் பார்த்தேன். அந்த அளவுக்கு டேப்பை வெட்டுவதற்கும் இதே கைதான் வேண்டியிருந்தது. வெறும் தூரிகையால் இழுத்தேன். கண்ணாடி முழுக்கப் பச்சை. துடைத்தேன். மறுபடி இழுத்தேன். மறுபடி துடைத்தேன். நாள்கள் போய்க்கொண்டிருந்தன. சாப்பாட்டு மேசையில் நான் எரிந்து விழ ஆரம்பித்தேன்.

ஒருநாள் காலை தையலறைக்குப் போனால், கூடு முடிந்து உட்கார்ந்திருந்தது. எல்லாச் சட்டத்திலும் பச்சைக் கோடு. அளவுகோல் வைத்தாற்போல் நேராக, ஒரே அகலமாக. கண்ணாடியில் ஒரு புள்ளி இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அவ்வளவு அழகு.

கணவர் வாசலில் நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. முந்தின நாள் நான் வெறுத்துப்போய் மேசைப் பக்கமே போகாதிருந்தபோது, அதை எனக்குத் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், கடையில் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் வைத்து முடித்திருக்கிறார். "எப்பிடி இருக்கு?" என்றார். "இனிமே நிம்மதியா ஒட்டி முடி."

கொரோனா காலத்தில் வாங்கிய கை கழுவும் ஸ்பிரிட் பாட்டில் அலமாரியில் இன்னும் இருந்தது. ஒரு கிண்ணத்தில் ஊற்றினேன். கூட்டை அதில் போட்டேன்.

"ஏ! என்ன பண்ற?"

"அழிக்கிறேன்."

"பைத்தியமா ஒனக்கு? ஒரு மத்தியானம் பூரா ஒக்காந்து போட்டேன். கஸ்டமர நிக்க வச்சிட்டுப் போட்டேன்."

"ஒங்கள யார் போடச் சொன்னா?"

"நீ படற பாட்டப் பாக்க முடியல. அதான் போட்டேன். தப்பா?"

பச்சை நிறம் சுருள் சுருளாகப் பிரிந்து மிதக்க ஆரம்பித்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தன் குழந்தையை யாரோ அடிப்பதைப் பார்ப்பவர் போல இருந்தார்.

"தப்புதாங்க" என்றேன். "சட்டிய வாங்கிட்டீங்க, கத்திய வாங்கிட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. இத நான் கேக்கல, நீங்க எடுத்துட்டுப் போய்ட்டீங்க. இத ஒங்க கையால முடிச்சிட்டா, என்னால முடியலன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆச்சு. எனக்கு நேர்க்கோடு வேணாம். கோணலா இருந்தாலும் நானே போட்டுக்கறேன்."

அவர் கடைக்குப் போய்விட்டார். மதியம் சாப்பிட வரவில்லை. அடுத்த இரண்டு மூன்று நாள் எங்களுக்குள் உப்பு போதுமா, தண்ணி மோட்டார் போட்டாச்சா என்ற அளவுக்குத்தான் பேச்சு. வருத்தமாக இருந்ததா என்றால், இருந்தது. செய்திருக்கக் கூடாது என்று தோன்றியதா என்றால், இல்லை. இன்றும் இல்லை.

கூட்டை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை ஒரே வீச்சில் கோடு இழுக்க முயலவில்லை. புள்ளி புள்ளியாக வைத்தேன். மூச்சை விட்டு, ஒரு புள்ளி. மறுபடி மூச்சு, பக்கத்தில் ஒரு புள்ளி. மணி தைப்பதுபோல. கண்ணாடியில் பட்டதைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டினேன். ஒரு நாளைக்கு ஒரு சட்டம் முடிந்தால் பெரிது. தவக்காலம் தொடங்கும் சமயத்தில் கூடு முடிந்தது. கோடுகள் நேராக இல்லை. இங்கே கொஞ்சம் தடித்து, அங்கே கொஞ்சம் மெலிந்து, கரையோரத் தண்ணீர் மாதிரி அலைந்தன. தள்ளி வைத்துப் பார்த்தேன். அது ஒரு விமானமாகத்தான் இருந்தது.

கணவர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். "கஷ்டம்தான்" என்றார். அதற்குமேல் நல்லா இருக்கு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அன்றிலிருந்து பழையபடி பேசிக்கொண்டோம்.

கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் மாதிரி ரயில், கப்பல், விமானம் செய்கிறவர்களுக்கென்று ஒரு கண்காட்சியும் போட்டியும் வைக்கிறார்கள் என்று கணவர்தான் கடைக்கு வந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். "போலாமா?" என்று கேட்டார். என்னைக் கேட்டார் என்பதைக் கவனித்தேன். போனோம். விமானத்தைப் பஞ்சு வைத்த கேக் டப்பாவில் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

மேசையில் எடுத்து வைக்கும்போது என் கை நன்றாகவே ஆடியது. புது இடம், சுற்றிலும் கூட்டம், எல்லாரும் ஆண்கள். ஒருங்கிணைப்பாளர் பார்த்துவிட்டார். நல்ல மனிதர்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவரோடு பேசிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்களுக்கு ஒரு ஸ்பெஷல் பிரைஸ் குடுக்கலாம்னு பேசிருக்கோம். தன்னம்பிக்கைப் பரிசு. இந்தக் கையோட இவ்ளோ பண்ணிருக்கீங்க. பேப்பர்லேருந்து வர்றாங்க, ஒங்க கையும் பிளேனும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கலாம். ஜெனரல் பிரிவுல எல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்டா பாப்பாங்க, அது வேணாம்."

"போட்டிக்கு விமானம் வந்திருக்கா, என் கை வந்திருக்கா சார்?" என்றேன்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். பிறகு என்னை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

என் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "என்ன எதுக்கு சார் கேக்கறீங்க? செஞ்சது அவங்க. அவங்க எதுல சேக்கச் சொல்றாங்களோ அதுல சேத்துக்கோங்க" என்றார்.

பொதுப் பிரிவில் சேர்த்தார்கள். என் விமானத்துக்கு வலப்பக்கம் ஒரு மீசைக்காரர் செய்த ஜெட். இடப்பக்கம் ஒரு கல்லூரிப் பேராசிரியர் செய்த குண்டுவீச்சு விமானம், ஒவ்வொரு ஆணியும் தெரியும்படி. இரண்டுமே என்னுடையதைவிட நன்றாக இருந்தன. அதைப் பார்க்க எனக்குக் கண் இருக்கிறது.

நடுவர் வயதானவர், விமானப்படையில் இருந்தவர் என்றார்கள். சின்ன டார்ச் விளக்கோடு வந்தார். என் கையை அவர் பார்க்கவேயில்லை. விமானத்தைத்தான் பார்த்தார். சக்கரங்கள் ஒரே சாய்வில் நிற்கின்றனவா என்று தரைமட்டத்துக்குக் குனிந்து பார்த்தார். பின்பக்கத்தில் விளக்கை அடித்தவர் கொஞ்சம் நின்றார்.

"இங்க பெயின்ட்ட மெலிசா அடிச்சிருக்கீங்க."

"அது துணி சார். கெட்டியா அடிச்சா துணியாத் தெரியாது."

"ம்." விளக்கு முன்னால் நகர்ந்தது. "கண்ணாடிச் சட்டத்துல கோடு அலையுது."

"ஆமா சார்."

"இது பெரிய குறை. இந்த விமானத்துல எல்லாரும் மொதல்ல பாக்கறதே அந்த எடம்தான். மார்க் போகும்."

"போகட்டும் சார்."

அவர் எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒருவர் என் வேலையில் இருந்த குறையை என் முகத்துக்கு நேரே சொன்னார். பாவம் என்று சொல்லவில்லை. ரெஸ்ட் எடுங்க என்று சொல்லவில்லை. பக்கத்து மேசைப் பேராசிரியரிடமும் அதே குரலில் ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தார். பேராசிரியர் முகம் சுண்டிப்போனது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாம் இடம்கூட இல்லை. பரிசு வாங்கியவர்களுக்குக் கை தட்டினோம். வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். கணவர் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். கோன் ஐஸ்கிரீம். கோனை என் கையில் கொடுத்தால் ஆடி வழியும் என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் யோசிக்காமல் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். புடவையெல்லாம் வழிந்தது. நன்றாகவே சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். விமானம் முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தார். "இந்த வயசுல இதென்ன வெளையாட்டு? அதுவும் சண்ட போடற பிளேனு. யாராவது வந்தா இன்னா நெனப்பாங்க? உள்ள எடுத்து வை" என்றார்.

"இங்கதான் இருக்கும் அண்ணி. இந்தாங்க, அடியில பாருங்க" என்று எடுத்துக் காட்டினேன். அவர் பதறிப்போய் இரண்டு கையையும் விமானத்துக்குக் கீழே ஏந்தினார்.

"கைய எடுங்க அண்ணி. வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார். விமானம் என் விரல்களில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அடிப்பக்கத்து வெளிர்ப் பச்சையை, சக்கரக் குழியை, இறக்கையில் ஒட்டிய வட்டச் சின்னத்தை எல்லாம் நிதானமாகக் காட்டிவிட்டு அதை இருந்த இடத்திலேயே வைத்தேன். "இதெல்லாம் நீயேவா பண்ண?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. பிடிக்க வேண்டும் என்று எனக்கும் இல்லை.

இப்போது இடது கையிலும் நடுக்கம் ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். தையல் மேசையில் அடுத்த டப்பா பிரித்து வைத்திருக்கிறேன். முதல் உலகப் போர்க் காலத்து விமானம், மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. நடுவே முடியளவு கம்பிகளை இழுத்துக் கட்ட வேண்டும். மகன் போனில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு, "அது இதவிடக் கஷ்டம்மா" என்றான்.

தெரிந்துதான் வாங்கினேன்.